தேங்காய்ச் சட்னியை விடச் சொன்னது யார்?

"அக்கா, தேங்காய்ச் சட்னி தொட்டுக்கிட்டா திரும்ப வந்துருமா?"

மாடி வீட்டுப் பெண் இதைக் கேட்டபோது அவள் தட்டில் இட்லியும் சீனியும் மட்டும்தான் இருந்தன. சட்னிக் கிண்ணத்தை அவள் தொடவே இல்லை. சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சில மாதங்களாக உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வருவதும் காய்வதும் மறுபடி வருவதுமாக இருந்திருக்கின்றன. தோல் டாக்டர் பார்த்துவிட்டு ஹெர்பிஸ் என்று ஒரே சொல்லில் சொல்லி, களிம்பு எழுதிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மிச்சத்தை எல்லாம் அவள் ராத்திரி போர்வைக்குள் கைபேசியில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

கைபேசி அவளுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தது. நிலக்கடலை, பாதாம், முந்திரி, எள், தேங்காய், ஓட்ஸ், சாக்லேட் எதுவும் கூடாது. கோழி, மீன், முட்டை, பால், தயிர் நிறையச் சாப்பிடலாம். ஊரிலிருக்கும் ஆச்சியோ போனில் வேறொரு பட்டியல் சொல்லியிருந்தார். இது சூட்டுக் கொப்புளம். கோழி கூடாது, முட்டை கூடாது, கருவாடு ஆகாது, கத்திரிக்காயும் மாம்பழமும் பக்கத்திலேயே வரக் கூடாது. ஆச்சி தடுத்ததைக் கைபேசி சாப்பிடச் சொல்கிறது. இரண்டு பேர் சொல்லையும் தட்டக் கூடாது என்று நினைக்கிற பிள்ளைக்கு மிஞ்சுவது தயிர்சாதமும் சீனி தொட்ட இட்லியும்தான். அதைத்தான் அவள் வாரக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கொப்புளம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

எனக்கும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இது உண்டு. அதனால் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் பல வருஷமாகப் படித்து வருகிறேன். அன்றைக்கு அவளிடம் பேசியதையும், பேச நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த வைரஸுக்குப் பயந்து சட்னியையும் கடலையையும் முட்டையையும் விலக்கி உங்களை நீங்களே பட்டினி போட்டுக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

முதலில் அந்தப் பெண்ணின் பெரிய பயம். ஹெர்பிஸ் என்றதும் பால்வினை நோய் என்று படித்துவிட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "நான் எந்தத் தப்பும் பண்ணலக்கா" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இந்த வைரஸில் இரண்டு வகை. உதட்டில் வருவது பெரும்பாலும் முதல் வகை. குழந்தையாக இருக்கும்போது அத்தையோ மாமாவோ பாட்டியோ கொஞ்சி முத்தம் கொடுத்ததில் வந்து ஒட்டிக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம் இந்த முதல் வகை இருக்கிறது. மூன்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. இரண்டாம் வகை பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே வருவது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேரிடம் இருக்கிறது. முதல் வகையும் வாய்வழி உறவின் மூலம் கீழே தொற்றலாம். இது எதுவும் ஒருவருடைய குணத்துக்குச் சான்றிதழ் இல்லை.

உள்ளே வந்த வைரஸ் வெளியே போவதில்லை. உதட்டுத் தோலிலிருந்து நரம்பு வழியாக ஏறி, காதுக்கு முன்னால் மண்டை ஓட்டுக்குள் இருக்கிற முக்கிளை நரம்பின் முடிச்சில் போய் உறங்குகிறது. கீழே வந்ததென்றால் முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்பு முடிச்சுகளில். எலிகளின் நரம்பு முடிச்சில் அது இப்படி ஒளிந்திருப்பதை 1971இல் ஸ்டீவன்ஸ், குக் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த சில வருஷங்களுக்குள் மனிதர்களின் முக்கிளை நரம்பு முடிச்சிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அவ்வப்போது அது விழித்து, வந்த வழியாகவே தோலுக்கு இறங்கும். அதனால்தான் எப்போதும் ஒரே இடத்தில் வருகிறது. ஊரில் சொல்கிற மாதிரி சிலந்தி எச்சம் பட்டதாலோ பூச்சி ஊர்ந்ததாலோ இல்லை.

சரி, இதில் கடலைக்கும் தேங்காய்க்கும் என்ன வேலை?

அதற்கு ஒரு கதை இருக்கிறது, அது பொய்க் கதையும் இல்லை. 1960களில் ஆய்வகங்களில் மனித உயிரணுக்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, அதில் இந்த வைரஸை விட்டுப் பார்த்தார்கள். புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், அர்ஜினின் இல்லாவிட்டால் வைரஸ் பெருகத் திணறுகிறது என்று தெரிந்தது. லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அர்ஜினினோடு போட்டி போடக்கூடியது. உயிரணுவுக்குள் நுழைய இரண்டுக்கும் ஒரே வாசல். ஆகவே லைசினைக் கூட்டி அர்ஜினினைக் குறைத்தால் வைரஸ் பட்டினி கிடக்கும் என்பது யோசனை. 1974இல் கிறிஸ்டோபர் கேகன் என்பவர் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதை எழுதினார். 1978இல் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 45 பேருக்கு லைசின் கொடுத்து, நல்ல பலன் தெரிந்ததாக வெளியிட்டார்கள். இன்று கைபேசியில் சுற்றுகிற பட்டியல்கள் அத்தனைக்கும் மூலம் அதுதான். கடலையிலும் எள்ளிலும் கொட்டைகளிலும் தேங்காயிலும் லைசினைவிட அர்ஜினின் பல மடங்கு அதிகம். பாலிலும் மீனிலும் லைசின் அதிகம். அதனால் ஒன்று எதிரி, இன்னொன்று நண்பன் ஆகிவிட்டது.

அந்த 45 பேரில் வெறும் மாவு மாத்திரை வாங்கிய ஒப்பீட்டுக் குழு ஒன்று இல்லை. இந்த நோயைப் பற்றிய ஆய்வில் அது மிகப் பெரிய ஓட்டை. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் பக்கம் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொள்வார்கள். காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி வரைந்து விடுவார். அக்கி என்று பெரும்பாலும் சொல்லப்படுவது இதே குடும்பத்து இன்னொரு வைரஸ், சின்னம்மையைக் கொண்டுவருவது. குளிர்ச்சியாக இருக்கும், பார்த்துக்கொள்ள ஒரு மனிதர் இருக்கிறார் என்ற தெம்பு வரும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கி தானாகவே சில வாரங்களில் ஆறிவிடும். உதட்டுக் கொப்புளம் தானாகவே ஏழு முதல் பத்து நாளில் காய்ந்து உதிரும். தானாக ஆறுகிற நோயில், மூன்றாம் நாள் எதைச் செய்தாலும் எட்டாம் நாள் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். அதோடு இன்னொன்று. வருஷம் போகப் போகப் பெரும்பாலானோருக்கு இது வரும் தடவைகள் தாமாகவே குறையும். போன வருஷம் அடிக்கடி வந்தது, கடலையை விட்டேன், இந்த வருஷம் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. கடலையை விடாமல் இருந்திருந்தாலும் குறைந்திருக்கலாம் என்பதை அவர் தன் ஒருவர் உடம்பை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்குத்தான் இரண்டு குழு வேண்டும்.

இரண்டு குழு வைத்துச் செய்தபோது கதை மங்கியது. 1980இல் டென்மார்க்கில் 65 பேருக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம் லைசின் கொடுத்துப் பார்த்தார்கள். வரும் தடவைகள் குறையவில்லை. 1984இல் அமெரிக்காவில் அடிக்கடி வருகிறவர்கள் 21 பேருக்கு 1,200 மில்லிகிராம், பயனில்லை. 1987இல் கேகனின் சகாக்கள் நாளைக்கு 3 கிராம் வரை ஆறு மாதம் கொடுத்தபோது, லைசின் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.4 தடவை குறைந்தது என்றார்கள். 2015இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் குழு உதட்டு ஹெர்பிஸைத் தடுக்கும் வழிகள் பற்றிய 32 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, லைசின் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடித்தது. நாளைக்கு 1 கிராமுக்குக் குறைவாக எடுப்பது வீண் என்பதில் எல்லா ஆய்வுகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. 3 கிராமுக்கு மேல் எடுத்தவர்களில் சிலர் குறைந்ததாகச் சொல்கிறார்கள். என் கருத்து இது: டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச காலம் லைசின் மாத்திரை எடுத்துப் பார்க்க விரும்புகிறவரை நான் தடுக்க மாட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடவே கூடாது. வயிற்றைக் கலக்கலாம். ஆனால் ஒரு மாத்திரையை முயன்று பார்ப்பது வேறு, தட்டில் உள்ளதை எல்லாம் விலக்குவது வேறு.

விலக்குவதால் எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் போட்ட கணக்கு இது.

ஒரு தரம் பரிமாறுகிற தேங்காய்ச் சட்னியில் தேங்காய் 20 கிராம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் அர்ஜினின் 0.1 கிராம். அவள் பயப்படாமல் சாப்பிட்ட சோற்றைப் பாருங்கள். நாளைக்கு 200 கிராம் அரிசி பொங்கிச் சாப்பிட்டால் அதில் அர்ஜினின் 1.2 கிராம் இருக்கிறது. சட்னியில் உள்ளதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. அதை எந்தப் பட்டியலும் அவளுக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் பட்டியல் எழுதியவர்கள் சோறு சாப்பிடுகிறவர்கள் இல்லை. ஒரு கைப்பிடி நிலக்கடலையில், அதாவது 30 கிராமில், 0.9 கிராம் வரும். கடலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதற்கு மேல் முக்கியமான ஒன்று, அர்ஜினினை நம் உடம்பே தயாரிக்கிறது. சிறுநீரகம் அதை ராப்பகலாகச் செய்கிறது. அது போக, உடம்பின் பழைய புரதங்கள் உடைந்து புதிதாகக் கட்டப்படும் சுழற்சியில் தினமும் வெளிவருகிற அர்ஜினின் நாம் தின்பதைவிடப் பன்மடங்கு. கண்ணாடிக் கிண்ணத்தில் அர்ஜினினை இல்லாமல் ஆக்கலாம். மனித உடம்பில் முடியாது. முடிந்தாலும் கூடாது. ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிற நைட்ரிக் ஆக்சைடை உடம்பு அர்ஜினினிலிருந்துதான் செய்கிறது. அந்தக் கண்டுபிடிப்புகளுக்கு 1998இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புண் ஆறுவதற்கும் அதே அர்ஜினின் வேண்டும்.

இப்போது லைசின் பக்கம். பெரியவர்களுக்கு உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 60 கிலோ இருப்பவருக்கு 1.8 கிராம். 50 கிராம் துவரம்பருப்பில் முக்கால் கிராம் கிடைக்கிறது. பாலும் தயிருமாக நாளைக்கு 400 மில்லி சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ அரை கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 1.8 கிராம். சோற்றிலிருந்தே அரை கிராம் வந்துவிடும். சாம்பாரும் தயிரும் முட்டையும் உள்ள சாதாரணத் தமிழ்ச் சாப்பாடு தேவையைத் தாண்டி நிற்கிறது. இதில் துவரம்பருப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் அர்ஜினினைவிட லைசின் சற்று அதிகம். பாசிப்பருப்பிலும் உளுந்திலும் இரண்டும் சமம். அந்தப் பட்டியலை அப்படியே நம்பினால்கூட நம் சாம்பாருக்கும் பொங்கலுக்கும் ஒரு குறையும் இல்லை.

யாருக்கு உண்மையிலேயே லைசின் குறையும் தெரியுமா? அரிசி, கோதுமை, கேழ்வரகு எதிலுமே லைசின்தான் குறைச்சல். சோறும் ரசமும் ஊறுகாயுமாக நாளைத் தள்ளுகிறவர்களுக்குக் குறையும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பருப்பும் மீனும் தீர்ந்தபின் மிச்சத்தை வழித்துச் சாப்பிட உட்காருகிற அம்மாக்களுக்குக் குறையும். பயந்துபோய்த் தயிர்சாதத்தில் அடங்கிவிட்ட மாடி வீட்டுப் பெண்ணுக்கும் பருப்பும் முட்டையும் போனதால் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 60 கிலோவுக்கு 50 கிராம். அவளுடைய ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தோம். அதில் பாதிகூட வரவில்லை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவிட வேண்டும். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம் வெள்ளையாகக் குழி விழுந்து வருகிறதே, அந்த வாய்ப்புண் இது இல்லை. அது தொற்றாது, அதில் வைரஸ் இல்லை. இரும்பு, பி12, ஃபோலேட் குறைந்தால் அது அடிக்கடி வரும்; அங்கே சாப்பாட்டுக்கு நேரடி வேலை உண்டு. மணத்தக்காளிக் கீரையும் மருந்துக்கடையில் கொடுக்கிற பி காம்ப்ளக்ஸும் அந்த வாய்ப்புண்ணுக்காக வந்த பழக்கம். உதட்டு விளிம்பில் கொத்தாக நீர் கோத்து வருவதுதான் ஹெர்பிஸ். பி காம்ப்ளக்ஸைத் தின்று அது நிற்காது. துத்தநாகம் நல்லது என்று படித்துவிட்டு மாத்திரையாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து போனால் உடம்பில் செம்பு குறைந்துவிடும். பருப்பு, முட்டை, கறி, கடலையில் கிடைப்பது போதும்.

அப்படியானால் இதை எழுப்பிவிடுவது எது? சிலவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. முதலாவது வெயில். 1991இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அடிக்கடி உதட்டில் வருகிற 38 பேருக்கு வேண்டுமென்றே புற ஊதாக் கதிரைக் காட்டினார்கள். வெறும் களிம்பு பூசியிருந்தபோது 27 பேருக்குக் கொப்புளம் வந்தது. சன்ஸ்கிரீன் பூசியிருந்தபோது ஒருவருக்கும் வரவில்லை. ஆய்வகக் கதிரும் சித்திரை வெயிலும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் கடலையை விடுவதற்கு இந்த அளவு ஆதாரம் எங்கேயும் கிடையாது. எஸ்பிஎஃப் 30 போட்ட லிப் பாமை கைப்பையில் வைத்திருங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் உதடு மறைய துப்பட்டாவைச் சுற்றிக்கொள்ளுங்கள், கடற்கரைக்கோ மலைக்கோ போகும்போது இன்னும் கவனம். நான் இதை விடாமல் செய்கிறேன்.

அடுத்தது காய்ச்சல். உடம்பு வேறொரு நோயோடு போராடும்போது இது எழும். மூன்றாவது மன உளைச்சல், ஆனால் எல்லா உளைச்சலும் அல்ல. 1999இல் வெளியான, இடுப்புக்குக் கீழே இது வருகிற பெண்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஒருநாள் சண்டை, ஒருநாள் கோபம் இதைக் கொண்டுவரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் நீடித்து அழுத்துகிற உளைச்சல்தான் கொண்டுவந்தது. மாதவிலக்கை ஒட்டியும் சிலருக்கு வரும். உதட்டில் அடிபட்டாலும், பல் டாக்டர் நாற்காலியில் நெடுநேரம் வாயை இழுத்துப் பிடித்தாலும் வரலாம். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் யோசித்துவிட்டு, "ரிலீஸ் இருக்கிற வாரம்தான்க்கா எப்பவும் வருது" என்றாள். ராத்திரி இரண்டு மணி வரை விழிப்பு, சாப்பாட்டுக்குப் பதில் காபி, அதன் மேல் என்ன சாப்பிட்டால் வருமோ என்ற பயம். நீடிக்கிற பயமும் நீடிக்கிற உளைச்சல்தானே. சட்னியைப் பார்த்து நடுங்குவது உடம்புக்குச் செய்கிற கேடு சட்னி செய்வதைவிடப் பெரிது என்று நான் நம்புகிறேன்.

உண்மையான மருந்து ஒன்று இருக்கிறது என்பதை அவளிடம் யாரும் சரியாகச் சொல்லவே இல்லை. அசைக்ளோவிர். பரோஸ் வெல்கம் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்த குழுவின் பின்னால் இருந்தவர் கெர்ட்ரூட் எலியன். பெண் என்பதால் ஆய்வக வேலை கிடைக்காமல் அலைந்தவர், முனைவர் பட்டம் இல்லாதவர், 1988இல் மருத்துவ நோபல் வாங்கியவர். அந்த மருந்தின் அழகு இதுதான்: உயிரணுவுக்குள் அது சும்மா கிடக்கும். வைரஸ் பெருகத் தொடங்கித் தனக்கென்று ஒரு நொதியைச் செய்தால், அந்த நொதியே மருந்தை விழிக்கச் செய்து வைரஸின் நகலெடுப்பை நிறுத்தும். வைரஸ் இல்லாத உயிரணுவுக்குப் பெரிதாகத் தொந்தரவு இல்லை. உறங்கும் வைரஸை அது தொடாது, விழித்ததை அடக்கும். அதனால் நேரம்தான் எல்லாம். கொப்புளம் கிளம்புவதற்குச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் முன்பே அந்த இடத்தில் குறுகுறுவென்று இருக்கும், சுருக் சுருக்கென்று குத்தும், எரியும். மாத்திரை அப்போது உள்ளே போக வேண்டும். காய்ந்து பொருக்கு கட்டியபின் விழுங்கிப் பயன் குறைவு. டாக்டரிடம் முன்னாலேயே சீட்டு வாங்கி மாத்திரையை வீட்டில் வைத்திருங்கள். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் எடுக்கும் முறையும் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே வருகிறவர்களுக்கு அது தடவைகளை 70 முதல் 80 சதவீதம் வரை குறைக்கிறது. எடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகத்துக்காக.

களிம்பைப் பற்றி எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. 2019இல் நியூசிலாந்தில் 952 பேரிடம் அசைக்ளோவிர் களிம்பையும் கானுகா தேனையும் ஒப்பிட்டார்கள். களிம்புக்கு எட்டு நாள், தேனுக்கு ஒன்பது நாள். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று முடித்தார்கள். தேன் பெரிய மருந்து என்று இதற்கு அர்த்தமில்லை, களிம்பு சின்ன மருந்து என்றுதான் அர்த்தம். ஒரு எச்சரிக்கை: அரிப்புக்கு என்று வீட்டில் கிடக்கிற ஸ்டீராய்டு களிம்பை இதன் மேல் தடவாதீர்கள். வைரஸுக்கு வழி திறந்துவிட்டது போலாகும்.

கொப்புளம் இருக்கும் நாட்களில் என்ன சாப்பிடுவது என்பது வேறு கேள்வி, அங்கே சமையலறைக்கு நிறைய வேலை இருக்கிறது. புளி, எலுமிச்சை, வத்தல், மிளகாய்ப்பொடி எரியும். வைரஸுக்குத் தீனி போடுகிறது என்பதால் இல்லை, புண் எரியும் என்பதால்தான் தவிர்க்கிறோம். கொதிக்கிற காபியும் வேண்டாம். முறுக்கு மாதிரி உதட்டை உரசுவதும் வேண்டாம். பழைய சோற்றில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து நெய் விட்டுச் சாதத்தில் பிசையலாம். கேழ்வரகுக் கூழ் ஆறியபின் தயிரோடு நன்றாக இருக்கும். முட்டையைப் பால் விட்டு அடித்து மெதுவாகக் கிளறினால் உதட்டில் உரசாமல் இறங்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் முள் இல்லாத மீனைக் காரமில்லாமல் சொதியாக வைத்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பால் சொதிதான், ஆமாம், தேங்காய்ப்பால். முட்டையைத் தவிர ஆச்சிக்கும் இந்தச் சாப்பாட்டில் வருத்தம் இருக்காது. அவர் குளிர்ச்சி என்று சொல்வதில் பாதி இங்கே இருக்கிறது, புண்பட்ட வாய்க்கு அது இதமும்கூட.

சின்னக் குழந்தைகளுக்கு முதல் தடவை வரும்போது ஈறு முழுக்க வீங்கிக் காய்ச்சலும் வந்து, தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று அழும். அப்போது சத்துக் கணக்கெல்லாம் பிறகு. குளிர்ந்த பால், இளநீர், ஐஸ்கிரீம், எது இறங்குகிறதோ அது. சிறுநீர் போவது குறைந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தொற்றைப் பற்றி. கொப்புளம் இருக்கும் நாட்களில் யாருக்கும் முத்தம் வேண்டாம், வாய்வழி உறவு வேண்டாம், டம்ளரும் துண்டும் தனி. சொம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற நம் வழக்கம் இங்கே நல்ல காவல். பிறந்த குழந்தை இருக்கிற வீட்டில் இதை ஒருபோதும் லேசாக எடுக்காதீர்கள். சில வாரக் குழந்தைக்கு இந்த வைரஸ் உயிரையே வாங்கும். உதட்டில் கொப்புளத்தோடு குழந்தை பார்க்க வருகிறவர் அத்தையாக இருந்தாலும் தூர நின்று பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், கீழே இது உண்டு என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கடைசி வாரங்களுக்கு மருந்தும் பிரசவ முறையும் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றைக்கே கண் டாக்டர். வீட்டில் இருக்கிற சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

மாடி வீட்டுப் பெண் இப்போது சாம்பாரும் முட்டையும் சாப்பிடுகிறாள். அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "எனக்கும்தான்டி வரும், காய்ச்சல் வந்தா" என்றாராம் அம்மா.

இடுப்புக்குக் கீழே இது உள்ளவர்களுக்கு அவ்வளவு சுலபமாக யாரிடமும் சொல்ல வாய்ப்பதில்லை. அவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். இணையருக்குத் தெரிவித்து, தினசரி வாலாசைக்ளோவிர் (உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறுவது) எடுத்தால் இரண்டாம் வகை தொற்றுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று 2004இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆணுறை இன்னும் குறைக்கும். திருமணம், குழந்தை எதற்கும் இது தடை இல்லை. தனியார் டாக்டரிடம் போகப் பணமோ தைரியமோ இல்லையென்றால், பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கான சுரக்‌ஷா கிளினிக் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மருந்துகள் அங்கே நிற வாரியாகப் பொட்டலமாக இருக்கும். ஹெர்பிஸுக்கானது 5ஆம் எண், சிவப்பு. உள்ளே இருப்பது அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரை.